மூன்றாம் ஓலையன்று எழுந்து நின்றவள்

என் நாத்தனார் ரெனிஷாவைப் பற்றி இதுவரை இரண்டு பத்திரிகைகளில் வந்திருக்கிறது. இரண்டும் தப்பு. ஒன்றில் அவள் அப்பா மீனவர் என்று போட்டிருந்தார்கள். ஆரல்வாய்மொழியில் எங்கே கடல் இருக்கிறது, மீன் பிடிக்க? இன்னொன்றில் ஒரு மாட்டுத் தொழுவத்தின் முன்னால் அவளை நிறுத்திப் படம் எடுத்து, வறுமையை வென்ற வீராங்கனை என்று தலைப்பு வைத்தார்கள். அந்த மாடு பக்கத்து வீட்டு வைகுண்டராஜன் அண்ணாச்சியுடையது. தன் மாட்டைக் காட்டி வறுமை என்று எழுதிவிட்டார்கள் என்று அவர் மூன்று நாள் எங்களோடு பேசவில்லை. அவர் கோபத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஆகையால் நானே எழுதுகிறேன். என் பெயர் ஷைஜா. ரெனிஷாவின் அண்ணன் ஜெனித்தைக் கட்டிக்கொண்டு மார்த்தாண்டத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவள். அவள் என்னை மைனி என்று கூப்பிடுவாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவது. கல்யாணமான நாற்பதாம் நாள் ஜெனித் கத்தாருக்கு விமானம் ஏறிவிட்டார். எனக்கு மிஞ்சியது ஒரு மாமனார், ஒரு மாமியார், ஒரு ஸ்கூட்டர், பதினாறு வயதில் வாய் நீண்ட ஒரு நாத்தனார். பத்து வருடம் அந்த ஸ்கூட்டரில் அவள் சைக்கிளுக்குப் பின்னாலும் முன்னாலும் போனவள் நான். அவளைப் பற்றிப் பேச என்னைவிட உரிமை உள்ளவர் யாராவது இருந்தால் வரட்டும், பார்க்கலாம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று மற்ற ஊர்களில் பழமொழி சொல்வார்கள். எங்கள் ஊரில் அது வானிலை அறிக்கை. ஆனி பிறந்தால் புரட்டாசி முடியும்வரை கணவாய் வழியாகக் காற்று கொட்டும். அந்தக் காற்றை நம்பி மின்சாரக் காற்றாடிகள் வந்தன. காற்றாடிகளை நம்பி என் மாமனார் ஞானையனுக்குக் காவல் வேலை வந்தது. ரெனிஷா பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் நாகர்கோவில் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். பஸ் இருந்தது. பஸ்ஸில் ஏறினால் அவளுக்கு வாந்தி வரும். காரணம் இவ்வளவுதான், கனவு, லட்சியம் என்று ஒன்றும் கிடையாது. காலையில் போகும்போது பதினான்கு கிலோமீட்டரும் எதிர்காற்று. அவள் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ரோடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

அந்த வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் போட்டி வைத்தார்கள். பதினைந்து கிலோமீட்டர். ஷாலை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ரெனிஷா ஓட்டினாள். முடிவுக் கோட்டில் ரிப்பன் கட்டக்கூட இல்லை, இவள் வந்து நிற்கிறாள். பாதி வழியிலேயே திரும்பிவிட்டாள் என்று சொல்லி நடத்தினவர்கள் பரிசு கொடுக்க மறுத்தார்கள். திருப்பத்தில் நின்ற போலீஸ்காரர் வந்துதான் சாட்சி சொன்னார். "பிள்ளை தாண்டிப் போனத நான் பாத்தேன் சார். அடுத்த ஆளு வாறதுக்குள்ள ஒரு சாயாவும் குடிச்சேன்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து கோப்பையைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "மைனி, எனக்கு இதாக்கும் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

ஜெனித் கத்தாரிலிருந்து பணம் அனுப்பி ஒரு ரேஸ் சைக்கிள் வந்தது. மாமனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். காற்றாடி இறக்கையை ஏற்றிக்கொண்டு ரயில் பெட்டி நீளத்துக்கு லாரிகள் வருகிற ரோடு அது. "தனியா விடமாட்டேன். மைனி கூடப் போகட்டு" என்றார். மைனிக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். விடியற்காலையில் எழுந்து, முகம்கூடச் சரியாகக் கழுவாமல், தண்ணீர் பாட்டிலும் பழமும் பஞ்சர் சாமானும் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். முதல் வாரம் மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். இரண்டாம் வாரம் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன். எதிர்காற்றில் முப்பத்தைந்து. என் ஸ்கூட்டரே அந்தக் காற்றில் முனகுகிறது, இந்தப் பிள்ளை சலனமில்லாமல் போகிறாள். அதற்கப்புறம் திட்டவில்லை.

பத்தொன்பதாம் வயதில் முதல் தேசியப் போட்டி, வடக்கே எங்கோ ஒரு ஊரில். யாரோ ஒருத்தர் செல்போனில் நேரலையாகக் காட்டினார். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் புறப்பட்டு நின்ற கோலத்தில் வீடே போனைச் சுற்றி நின்றோம். எப்போது பார்த்தாலும் முதல் ஆள் இவள்தான். ஐம்பது கிலோமீட்டரும் இவள்தான் முன்னால். மற்றவர்கள் எல்லாம் ஒரு கூட்டமாகப் பின்னால். கடைசி ஐந்து நிமிடம் சிக்னல் போய்விட்டது. போனால் என்ன, இனி யார் தாண்டப் போகிறார்கள் என்று மாமியார் நேசபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். தேசியப் போட்டியில் முதலிடம் பெற்ற மகளுக்காக ஸ்தோத்திர காணிக்கை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். போதகர் அதை மைக்கில் வாசித்தார். சபையே திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தது.

அவள் வந்தது பதினேழாவதாக.

சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிறவர்தான் காற்றை வாங்க வேண்டும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு வேலை மிச்சம். பந்தயம் ஓட்டுகிற எல்லோருக்கும் இது அரிச்சுவடி. எங்கள் ஊரில் தன்னந்தனியாகக் காற்றோடு மல்லுக்கட்டிப் பழகியவளுக்கு, இன்னொருத்தி முதுகுக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்கிற விஷயமே தெரியாது. எனக்கும் தெரியாது. நான் பாட்டுக்கு மூன்று வருடம் பின்னால் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறேன். ஆரல்வாய்மொழிக்காரிகள் இரண்டு பேர் சேர்ந்தால் மட்டும் செய்ய முடிகிற முட்டாள்தனம்.

திரும்பி வந்தவள் கொதித்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் எனக்க பொறத்த ஒளிஞ்சு வந்துதுகள் மைனி. கடைசி ஒரு கிலோமீட்டர்ல வெளிய சாடி ஓடிட்டுதுகள். இது களவாணித்தனம்லா?"

"களவாணித்தனம் ஒண்ணும் இல்லட்டி. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு கேட்டதில்லியா? நீ படைக்கு முந்திட்ட."

அவள் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் போதகரிடம் போய் நின்றாள். "ஐயா, எங்க அம்மை தப்பா எழுதிக் குடுத்துட்டா. பதினேழாம் எடம்னு திருத்தி வாசிக்கணும்" என்றாள். போதகர் இதெல்லாம் வேண்டாம் மக்களே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் நகரவில்லை. கடைசியில் வாசித்தார். மாமியாருக்குப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் இவள் ஏதோ ஆகப்போகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

அதிலிருந்து நான் ஸ்கூட்டரை முன்னால் ஓட்டினேன். என் பின்சக்கரத்துக்கும் அவள் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. நான் ஒரே வேகத்தில் போக வேண்டும். அவள் ஒண்டிக்கொண்டு வர வேண்டும். நான் கையைக் காட்டினால் வெளியே பாய்ந்து என்னைத் தாண்ட வேண்டும். இதை ஒரு நாளைக்கு இருபது தடவை செய்தோம். ஒரு நாள் முப்பந்தல் பக்கத்தில் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. யோசிக்காமல் பிரேக் பிடித்துவிட்டேன். ஆடு தப்பித்தது, ரெனிஷாவின் காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் நான் அழுத அழுகைக்கு நர்ஸ் எனக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுத்தாள். இவள் படுத்துக்கொண்டு, "ஆட்டுக்கு ஒண்ணும் ஆவல்லியே மைனி?" என்று கேலி பேசினாள். பத்தாம் நாள் கையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, நின்ற இடத்தில் மிதிக்கிற ஸ்டாண்டில் சைக்கிளை மாட்டி மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இருபத்திரண்டு வயதில் தேசியப் போட்டியில் வெண்கலம். இருபத்துநான்கில் வெள்ளி. இருபத்தைந்தில் மறுபடியும் வெள்ளி. இரண்டு தடவையும் ஜெயித்தது ஒரே மணிப்பூர்க்காரி. இரண்டாம் தடவை அரைச் சக்கரம்தான் வித்தியாசம். அந்தப் படத்தை ரெனிஷா போனில் வைத்திருந்தாள். கையால் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்த இடைவெளியையே பார்ப்பாள். தங்கம் வாங்கினால் தேசிய முகாமுக்குக் கூப்பிடுவார்கள். அங்கிருந்து ஆசியப் போட்டி. வெள்ளிக்குக் கூப்பிடுவதானால் இருபது வயதுப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். "இருபத்தாறு முடியதுக்குள்ள எடுக்கணும் மைனி. அதுக்குப் பொறவு என்னைய யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்பாள். நான் மறுத்துப் பேசவில்லை. அது உண்மை.

அந்த வருடம் போட்டி நவம்பரில், ஒடிசாவில் என்று அறிவித்திருந்தார்கள். இதற்கிடையில் அபினேஷ் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். கருங்கல் ஊர்க்காரன், குவைத்தில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, பார்க்க லட்சணமான பையன். ஜனவரியில் முப்பது நாள் லீவு. கல்யாணத்துக்குப் பிறகும் பெண் சைக்கிள் ஓட்டலாம் என்று அவனே போனில் சொன்னான். போட்டி நவம்பரில் முடிந்துவிடும், கல்யாணம் ஜனவரி பதினெட்டு என்று முடிவானது. இரண்டு பேரும் தினமும் போனில் பேசினார்கள். சைக்கிளில் எத்தனை கியர், எதற்கு எந்தக் கியர் என்று அவன் கேட்பான் போல. இவள் கல் மண்டபத்துப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்து மணிக்கணக்கில் விளக்குவாள். கல்யாணம் நிச்சயமான பெண்கள் பேசுகிற பேச்சுதானே என்று நான் விட்டுவிட்டேன்.

நவம்பரில் ஒடிசாவில் புயல். போட்டி தள்ளிப் போனது, தேதி சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள். எங்கள் சபை வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று ஆராதனையில் அறிவிப்பார்கள். அதைத்தான் ஓலை என்பது. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. புதுவருடம் பிறந்த மறுநாள் ரெனிஷாவின் போனுக்குச் செய்தி வந்தது. போட்டி ஜனவரி பத்தொன்பது.

அவள் முதலில் அபினேஷிடம் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றவன் இரண்டு நாள் கூப்பிடவில்லை. பிறகு அப்பாவிடம் சொன்னாள். மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "மாப்பிள்ள வீட்டுல மண்டபம் சொல்லியாச்சு, கார்டு குடுத்தாச்சு. இனி அதப் பத்திப் பேசப்பிடாது" என்றார். மாமியார் சேலைக் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கிடக்கிறது கிடக்கட்டும், கிழவனைத் தூக்கி மணையில் வை என்கிற கதைதான். பத்து வருடம் ஒரு பெண் உயிரைக் கொடுத்து மிதித்திருக்கிறாள், இவர்கள் பிளவுஸுக்கு லைனிங் துணி பற்றிப் பேசுகிறார்கள். நான் ஏதாவது செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மருமகள் எந்த அளவுக்குப் பேசலாமோ அந்த அளவுக்குப் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டேன். இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

ஜனவரி ஐந்தாம் தேதி ஞாயிறு மூன்றாம் ஓலை. போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "இவ்விருவரும் விவாகத்தில் இணைக்கப்படக் கூடாதபடிக்கு நியாயமான தடை உண்டென்று உங்களில் யாராவது அறிந்திருந்தால், அதை இப்போது தெரிவிக்கக் கடவீர்கள். இது மூன்றாம் முறையும் கடைசி முறையுமாகும்." இந்த வாக்கியத்துக்குப் பிறகு ஒரு நிமிடம் நிறுத்துவார்கள். நான் பிறந்ததிலிருந்து அந்த நிமிடத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடுவதற்கான நேரம் அது.

என் பக்கத்தில் ரெனிஷா எழுந்து நின்றாள்.

"தடை உண்டு ஐயா" என்றாள்.

மாப்பிள்ளைக்கு முன்பே ஒரு மனைவி இருந்து, அவள் வந்து எழுந்து நின்றாள் என்று கதைகளில் கேட்டிருக்கிறோம். கல்யாணப் பெண்ணே தன் கல்யாணத்துக்குத் தடை சொன்னதை யார் கேட்டிருக்கிறார்கள்? நான் அவள் சுடிதாரைப் பிடித்து இழுத்தேன். தட்டிவிட்டாள். போதகர் நல்ல மனிதர். ஆராதனை முடிந்ததும் விசாரிக்கலாம் என்று சொல்லிப் பாட்டை ஆரம்பித்துவிட்டார். அன்று சபையில் பாதிப் பேர் பாடவே இல்லை.

விசாரணை கோயிலுக்குப் பக்கத்து அறையில் நடந்தது. போதகர், கமிட்டிக்காரர் இரண்டு பேர், மாமனார், நான், அவள்.

"என்ன தடை மக்களே? பையனுக்கு வேற கலியாணம் ஆயிருக்கா?" என்றார் போதகர்.

"இல்ல ஐயா."

"ரத்த உறவா?"

"இல்ல."

"பின்ன என்ன தடை?"

"தொண்ணூத்திமூணு கிலோமீட்டர் ஐயா" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

கமிட்டிக்காரர் ஒருவர் காலண்டரைப் பார்த்தார். "பத்தொன்பது ஞாயித்துக்கெழமைல்லா. ஓய்வுநாள்லயா போட்டி?"

"ஓய்வுநாள்ல ஆராதனை முடிஞ்ச உடனே நீங்க காணிக்கைக் கோழிய ஏலம் விடுகியள்லா?"

போதகர் இருமுவது போல வாயை மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று எனக்குத் தெரியும். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, சபையில் ஒரு தடையைச் சொல்லிவிட்டால் அதைத் தீர்க்காமல் அந்தத் தேதியில் தன்னால் ஆசீர்வதிக்க முடியாது என்றார். "பத்து நாள் தள்ளி வெச்சாப் போதும் ஐயா. இருபத்தெட்டாம் தேதி எனக்கு ஒரு தடையும் இல்ல. அவருக்கும் லீவு இருக்கு" என்றாள் ரெனிஷா. கெஞ்சவில்லை. கடைக்காரரிடம் அளவு சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னாள். மாமனார் எழுந்து போனார். அன்றிலிருந்து மகளோடு அவர் பேசவில்லை.

கருங்கல்லிலிருந்து மாலையே போன் வந்தது. அபினேஷின் அம்மா. "சபையில எழும்பி நிண்ண பெண்ணு நாளைக்கு எனக்க வீட்டுல எங்க எல்லாம் எழும்பும்?" என்று கேட்டார். நான்தான் போனை எடுத்திருந்தேன். மார்த்தாண்டத்து வாய்க்குப் பதில் தெரியாமலா இருக்கும்? ஆனால் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டதால் அடக்கிக்கொண்டேன். அபினேஷ் ஊருக்கு வந்த அன்று ரெனிஷாவைக் கூப்பிட்டான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மை சம்மதிக்க மாட்டேங்கா ரெனி. நான் என்ன செய்யட்டும்?"

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "சரி" என்றாள். போனை வைத்துவிட்டு, வெளியே போய் சைக்கிள் செயினைக் கழற்றித் துடைக்க உட்கார்ந்தாள். சவத்தை விட்டுத் தள்ளு மக்கா, பீடை ஒழிந்தது என்றேன். அவள் செயினைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் நிம்மதிதான் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணத்தில் இஷ்டமில்லை, அதனால்தான் சபையில் எழுந்தாள் என்று ஊரே பேசியது. நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நம்பினேன்.

பதினைந்தாம் தேதி ரயில் ஏறினோம். மாமனார் வேலைக்குப் போய்விட்டார், வழியனுப்ப வரவில்லை. பதினெட்டாம் தேதி மத்தியானம் ஒடிசாவில் எங்கள் அறையில் நான் போனைத் திறந்தால், பக்கத்து வீட்டு அபிதாவின் ஸ்டேட்டஸில் ஒரு கல்யாணப் படம். அபினேஷ் மாலையும் கோட்டுமாக நிற்கிறான். பக்கத்தில் வில்லுக்குறிப் பெண். அதே தேதி, அதே மண்டபம். ஓலை வாசிக்க நேரமில்லாமல் விசேஷ அனுமதி வாங்கி முடித்திருக்கிறார்கள். கல்ஃப் லீவில் வருகிறவனுக்குப் பெண் மாறினாலும் தேதி மாறாது. நான் போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்தேன்.

"ஒளிக்காண்டாம் மைனி. காலையிலேயே பாத்தேன்" என்றாள் ரெனிஷா. டயரை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாலை நல்லாருக்கு. தோவாளைச் சந்தைப் பூவாக்கும்." பிறகு பம்பை என் பக்கம் நீட்டினாள்.

மறுநாள் போட்டி கடலோரச் சாலையில். பதினைந்தரை கிலோமீட்டர் வட்டம், ஆறு சுற்று. முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் கொடுக்கிற இடத்தில் நான் பாட்டிலோடு நின்றேன். கடலிலிருந்து பக்கவாட்டில் காற்று. எங்கள் ஊர்க் காற்றுக்கு முன்னால் அது வெறும் விசிறி. ஆனாலும் மற்ற பிள்ளைகள் முகம் சுளிப்பதைப் பார்த்தேன். முதல் சுற்றில் ஐம்பது பேரும் கூட்டமாக வந்தார்கள். ரெனிஷா எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தாண்டிவிட்டாள்; பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கியது மட்டும்தான் தெரிந்தது. இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று, அவள் முகமே வெளியில் தெரியவில்லை. கூட்டத்துக்குள் யாரோ ஒருத்தியின் தோளுக்குப் பின்னால் கிடந்தாள். எதிர்காற்று என்றால் நேர் பின்னால் ஒதுங்க வேண்டும், பக்கக்காற்று என்றால் சரிந்து பக்கத்தில் ஒதுங்க வேண்டும். அது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

நாலாம் சுற்றில் கூட்டம் கயிறு அறுந்த மாதிரி சிதறியிருந்தது. முன்னால் நான்கு பேர் தனியாக வந்தார்கள். மணிப்பூர்க்காரி, மகாராஷ்டிராக்காரி, பஞ்சாப்காரி, கடைசியில் எங்கள் பிள்ளை. காற்று பலமாக இருந்த திருப்பத்தில் பாய்ந்து கூட்டத்தை உடைத்ததே இவள்தானாம், பிறகு தெரிந்தது. உடைத்துவிட்டு உடனே கடைசிக்குப் போய் ஒண்டிக்கொண்டாள். ஐந்தாம் சுற்றில் என் கண்ணெதிரிலேயே மணிப்பூர்க்காரி முழங்கையை ஆட்டி, முன்னால் வந்து நீயும் காற்றை வாங்கு என்று சைகை காட்டினாள். அது பந்தய மரியாதை. முறை வைத்து எல்லோரும் முன்னால் போக வேண்டும். ரெனிஷா ஒன்றும் தெரியாத பாவனையில் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண் இந்தியில் நன்றாகவே திட்டினாள். நியாயமான திட்டுதான். பத்தொன்பது வயதில் ஐம்பது கிலோமீட்டர் எல்லோருக்காகவும் காற்று வாங்கினவள், இன்றைக்கு ஒருத்திக்காகவும் வாங்குவதாக இல்லை.

கடைசிச் சுற்றுக்கு நான் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு முடிவுக் கோட்டுக்கு ஓடினேன். நான்கு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். முந்நூறு மீட்டர் இருக்கும்போது மணிப்பூர்க்காரி எழுந்து மிதித்தாள். ரெனிஷா அவள் பின்சக்கரத்தில் ஒட்டியிருந்தாள். ஒரு முழம். இன்னும் வெளியே வரவில்லை. நான் என்னையறியாமல் கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்திருக்க வழியே இல்லை. நூறு மீட்டரில் வெளியே வந்தாள். இரண்டு பேரும் தோளோடு தோள் கோட்டைத் தாண்டினார்கள். யார் ஜெயித்தது என்று எனக்குத் தெரியவில்லை. படம் பார்த்துச் சொல்ல ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஏழு நிமிடமும் அவள் ரோட்டோரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். உட்கார் என்றால் உட்காரவில்லை, தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை.

கால் சக்கர வித்தியாசத்தில் தங்கம். அறிவிப்பைக் கேட்டதும் நான்தான் கத்தினேன், நான்தான் அழுதேன். அவள் நேராக மணிப்பூர்க்காரியிடம் போய்க் கையைக் கொடுத்தாள். அந்தப் பெண் முறைத்துவிட்டு, பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டாள். மேடைக்குப் பக்கத்திலேயே முகாம் அதிகாரி வந்து, மார்ச் முதல் தேதி டெல்லிக்கு வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் மறுநாள் மத்தியானம். ஆந்திராவில் ஏதோ ஒரு வறண்ட ஊரைத் தாண்டிக்கொண்டிருந்தோம். மாமனார் என் போனுக்குக் கூப்பிட்டார். "ரயில் எத்தன மணிக்கு வருது? நான் ஸ்டேஷனுக்கு வாறேன். அவகிட்ட சொல்லு" என்றார். அவளிடமே கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம், நேரில் பேசிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சந்தோஷம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அபினேஷைப் பிடித்துக்கொண்டேன். நட்டெல்லு இல்லாத பயல், அம்மை முந்தானையில் முடிந்துவைத்த பயல், இப்போது பேப்பரைப் பார்த்து வயிறு எரியட்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"அவன ஒண்ணும் சொல்லாதங்க மைனி" என்றாள்.

"ஏன் சொல்லப்பிடாது?"

"எனக்கு அவன நல்ல இஷ்டமா இருந்து."

என் கையில் சோறு அப்படியே நின்றது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். எலும்பு முறிந்தபோதுகூட அழாதவள்.

"பின்ன எதுக்குட்டி சபையில எழும்பி நிண்ண?"

"இஷ்டம் இல்லாதவன விடுகதுக்கு சபையில எழும்பணுமா மைனி? இந்தக் கலியாணம் வேண்டாம்னு அப்பாட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்லா. வேணும்ணுதான் எழும்பினேன். தேதிய மாத்தறதுக்கு எனக்கு வேற வழி தெரியல்ல. பத்து நாள்தான் கேட்டேன். அவன் ஒருத்தன் சரின்னு சொல்லியிருந்தா அவனுக்க அம்மையும் சம்மதிச்சிருப்பா."

ஏழு வருடம் அவளுக்கு ஒரு முழம் முன்னால் போனவள் நான். இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் முதுகில் கையை வைத்தேன். வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"அப்ப அன்னைக்கு எழும்பாமலே இருந்திருக்கலாமோ மக்கா?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். ஷாலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்து மறுபடியும் வழிந்தது.

"இல்ல மைனி. நாளைக்கே அந்த ஞாயித்துக்கெழம திரும்ப வந்தாலும் எழும்பி நிப்பேன்" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.